ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அடம்பிடிக்கிறதா? ஆயில் மாற்றும் முன் அறிகுறியைப் பாருங்கள்

ஆட்டோமேட்டிக் வண்டி ஜெர்க் அடித்தாலும், இழுக்காமல் வழுக்கினாலும், கியர் விழத் தாமதித்தாலும் பெரும்பாலான ஒர்க்‌ஷாப்களில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஏடிஎஃப் மாத்திடலாம் சார்." ஏடிஎஃப் என்றால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில். சில கோளாறுகளுக்கு அதை மாற்றுவது சரியான மருந்து. சிலவற்றுக்குப் பணம்தான் போகும், வண்டி மாறாது. ஒன்றிரண்டு நிலைமைகளில், அதுவும் மெஷின் வைத்து அழுத்திக் கழுவினால், தள்ளாடிக்கொண்டு ஓடிய கியர்பாக்ஸ் அத்தோடு படுத்துவிடும். ஆகவே அறிகுறி என்ன என்று பார்த்துவிட்டு ஆயிலில் கை வையுங்கள்.

முதல் கேள்வி: உங்கள் வண்டியில் ஏடிஎஃப் இருக்கிறதா?

கிளட்ச் பெடல் இல்லாத வண்டி எல்லாமே ஊரில் 'ஆட்டோமேட்டிக்'தான். உள்ளே இருப்பது வேறு வேறு. 2014-ல் செலேரியோவோடு மாருதி கொண்டுவந்த ஏஜிஎஸ் போன்றவை ஏஎம்டி வகை. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸின் மேல் கிளட்சையும் கியரையும் இயக்க ஒரு கருவியைப் பொருத்தியிருப்பார்கள், அவ்வளவே. அதில் இருப்பது மேனுவல் கியர் ஆயில். அதற்கு "ஏடிஎஃப் ஃப்ளஷ்" என்று யாராவது பில் போட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஹோண்டா சிட்டி போன்றவற்றில் இருக்கும், பெல்ட்டும் புல்லியும் வைத்து ஓடும் சிவிடிக்குத் தனி ஆயில்: ஹோண்டாவுக்கு எச்சிஎஃப்-2, நிசானுக்கு என்எஸ்-3 என்று போகும். அதில் சாதா ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட்டும் புல்லியும் வழுக்கித் தேய்ந்துவிடும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் 7 கியர் டிக்யூ200 உலர் கிளட்ச் வகை. அதில் கியருக்கு ஒரு ஆயில், மெக்கட்ரானிக்குக்கு (கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) ஒரு ஆயில், இரண்டும் தனித்தனி.

கீழே சொல்வதெல்லாம் டார்க் கன்வர்ட்டர் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வைத்த ஆட்டோமேட்டிக்குக்கு: இன்னோவா கிரிஸ்டா, தார், 6 கியர் வெர்னா, கிரெட்டா ரகம்.

ஸ்பேனரை எடுக்கும் முன்: லெவல், நிறம், வாசனை

டிப்ஸ்டிக் இருக்கும் பழைய வண்டியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. பத்து, பதினைந்து கிமீ ஓட்டி ஆயிலைச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி லிவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய்விட்டு 'பி'யில் வைத்து, எஞ்சின் ஓடும்போதே பாருங்கள். ஹோண்டா மட்டும் இதற்கு நேரெதிர்: எஞ்சினை அணைத்து 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்கச் சொல்லும். இது தெரியாமல் ஹோண்டாவில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்து, "லெவல் கம்மி" என்று ஊற்றி நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

டிப்ஸ்டிக் இல்லாத வண்டியில் லெவல் பிளக் (ஆயில் அளவைப் பார்க்க வைத்திருக்கும் திருகு மூடி) வழியாகத்தான் பார்க்க முடியும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். சிவப்பாகவோ இளம் பழுப்பாகவோ அகலமாகப் பரவியிருந்தால் ஆயிலில் இன்னும் உயிர் இருக்கிறது. பரவாமல் நடுவில் கரும்புள்ளியாக நின்றுவிட்டால் கிளட்ச் தகட்டின் தூள் நிறைய கலந்திருக்கிறது என்று பொருள். பழுப்பு நிறத்தை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஓடிய ஆயில் பழுக்கத்தான் செய்யும். மூக்குதான் நம்பகமானது. கருகிய நெடி வந்தால் தகடு எரிந்திருக்கிறது.

60 – 80 கிமீ வேகத்தில், லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது இரண்டு மூன்று விநாடி நடுக்கம்

ஆயில் மாற்றினால் நிஜமாகவே சரியாகக்கூடிய கோளாறு இது. டார்க் கன்வர்ட்டருக்குள் லாக்-அப் கிளட்ச் ஒன்று உண்டு. சீரான வேகம் வந்ததும் அது பிடித்துக்கொண்டு எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராக இணைக்கும். பிடிக்கும்போது கடகடக்காமல் மெதுவாகப் பிடிக்க வைப்பது ஆயிலில் இருக்கும் ஒரு சேர்க்கை. நாள்பட்ட ஆயிலில் அது தீர்ந்துபோகும். அப்போது கிளட்ச் பிடித்து விட்டு, பிடித்து விட்டு நடுங்கும்.

எஞ்சின் மிஸ்ஃபயரும் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது) ஏறக்குறைய இதே மாதிரி இருக்கும். காயில், பிளக் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் கியர்பாக்ஸுக்கு வருகிறவர்கள் நிறைய. பிரித்தறிய எளிய வழி: காலியான சாலையில், பின்னால் வண்டி எதுவும் இல்லாதபோது, நடுக்கம் வந்ததும் ஆக்ஸிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு இடது காலால் பிரேக்கை மெல்லத் தொடுங்கள். பிரேக் விளக்கு எரிந்தாலே பெரும்பாலான வண்டிகளில் லாக்-அப் விட்டுவிடும். நடுக்கம் அந்த நொடியே நின்றால் குற்றவாளி லாக்-அப் கிளட்ச். நிற்கவில்லை என்றால் எஞ்சின் பக்கம் போங்கள். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனரில் பி0741 வந்தால் கன்வர்ட்டர் கிளட்ச், பி0300 வரிசை வந்தால் மிஸ்ஃபயர்.

ஆயில் மாற்றிய அன்றே நடுக்கம் போகவில்லை என்று மனம் தளர வேண்டாம். சில நூறு கிமீ ஓடிய பிறகே முழுதாக அடங்குவது உண்டு. இரண்டாம் முறை மாற்றியும் அடங்கவில்லை என்றால் தகடே மெருகேறிப் பிடிப்பிழந்துவிட்டது, கன்வர்ட்டர் வேலைதான்.

காலையில் 'டி' போட்டால் வண்டி யோசிக்கிறது

லிவரைப் போட்டு ஒரு விநாடிக்குள் வண்டி லேசாக அசைந்து பிடிப்பதே இயல்பு. இரண்டு, மூன்று விநாடி என்றால் எங்கோ அழுத்தம் தாமதமாக வருகிறது.

முதல் தடவை மட்டும் தாமதித்து, அப்புறம் நாள் முழுக்கச் சரியாக இருந்தால், இரவில் கன்வர்ட்டரிலிருந்து ஆயில் கீழே வடிந்திருக்கும். இல்லையேல் லெவல் குறைவு. லெவலைச் சரிசெய்தாலே பலருக்கு இது தீர்ந்துவிடும். ஃபில்டர் அடைத்திருந்தாலும் இப்படி வரும். ஆனால் சூடான பிறகே தாமதம் தெரிகிறது என்றால் விஷயம் கனமானது. சூட்டில் ஆயில் இளகும்போது, காய்ந்து இறுகிய சீல்களின் வழியே அழுத்தம் கசிகிறது. புது ஆயில் அந்தச் சீலை இளமையாக்காது. 'ஆர்' மட்டும் தாமதம், 'டி' நன்றாக இருக்கிறது என்றாலும் ஆயிலைக் குறைசொல்லிப் பயனில்லை. ரிவர்ஸ் கிளட்சோ, ஆயில் அழுத்தத்தை ஒவ்வொரு கிளட்சுக்கும் திருப்பிவிடும் வால்வ் பாடியோ காரணம்.

ஆர்பிஎம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை

இதுதான் வழுக்கல். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது முள் விர்ரென்று மேலே போய்விட்டுத் திரும்பும். ஓவர்டேக் பண்ணும்போது சத்தம் மட்டும் வரும். லெவல் குறைந்திருந்தால் நிரப்பியதும் சரியாகலாம். லெவல் சரியாக இருந்து ஆயிலும் கருகி நாறினால் அதை மாற்றிப் பலனில்லை, தேய்ந்த தகடு திரும்ப வளராது.

"ஓடுகிற பழைய வண்டிக்கு ஏடிஎஃப் மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும்" என்ற பேச்சு பிறந்தது இங்கேதான். ஒன்றரை லட்சம் கிமீ வரை தொடாமல் வைத்திருந்து, வழுக்க ஆரம்பித்ததும் ஓடிப்போய் மாற்றுவார்கள். அடுத்த மாதமே வண்டி படுக்கும். பழி ஆயிலுக்கு. கியர்பாக்ஸ் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது என்பதே உண்மை. மெஷின் அழுத்தத்தில் கழுவும்போது ஓரங்களில் படிந்திருந்த கசடு கிளம்பி வால்வ் பாடியின் நுண்துளைகளில் போய் அடைக்கும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. வழுக்கும் வண்டிக்கு மெஷின் ஃப்ளஷ் கூடவே கூடாது என்பேன்.

கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான 'பான்'-ஐக் கழற்றிப் பார்ப்பது மட்டும் வீண் போகாது. அடியில் இருக்கும் காந்தத்தை விரலால் வழித்து எடுங்கள். விரலிடுக்கில் தேய்க்கும்போது நெருடாமல் வழவழவென்று இருக்கும் சாம்பல் நிறக் கூழ் சாதாரணத் தேய்மானம். பளபளக்கும் சில்லு, பித்தளை நிறத் துகள், காந்தத்தில் ஒட்டாத கருந்தாள் போன்ற துணுக்கு வந்தால், ஆயிலுக்கு வைத்திருந்த பணத்தைப் பிரித்து வேலை பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். சில மெக்கானிக்குகள் பிரேக்கை அழுத்தி ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்து 'ஸ்டால் டெஸ்ட்' காட்டுவார்கள். ஐந்து விநாடியைத் தாண்டினால் உள்ளே ஆயில் கொதிக்கும். நீங்களாகச் செய்ய வேண்டாம்.

கியர் மாறும்போது இடி

'ஆர்', 'டி' போடும்போது மட்டும் டொக்கென்று இடித்தால் முதலில் எஞ்சினைத் தாங்கும் ரப்பரான எஞ்சின் மவுன்ட்டைப் பாருங்கள். கிழிந்த மவுன்ட்டுக்காக ஏடிஎஃப் மாற்றிய கதைகள் ஏராளம். ஐட்லிங் அதிகமாக இருந்தாலும் இடிக்கும். பேட்டரி மாற்றிய மறுநாளிலிருந்து இடிக்கிறது என்றால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் கற்றுவைத்ததை மறந்திருக்கலாம். மிதமாகச் சில நாள் ஓட்டினால் மறுபடி கற்றுக்கொள்ளும், அல்லது ஸ்கேனரில் அடாப்டேஷன் செய்ய வேண்டும். ஓடும்போது எல்லாக் கியரிலும் இடி, ஆயிலும் பல ஆண்டு பழசு என்றால் மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை. ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் இடி என்றால் சோலனாய்டை (ஆயிலைத் திறந்து மூடும் மின் வால்வ்) நினையுங்கள்.

மலை ஏறும்போது டெம்பரேச்சர் எச்சரிக்கை

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ கல்லட்டிப் பாதையிலோ முன்னால் ஒரு லாரி போனால் போதும். வேகம் வராததால் லாக்-அப் பிடிக்காது. எஞ்சினின் சக்தியில் ஒரு பங்கு கன்வர்ட்டருக்குள் ஆயிலைக் கடைந்து சூடாக்குவதிலேயே போய்விடும். ஆயில் 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்று பட்டறையில் ஒரு தோராயக் கணக்கு உண்டு.

விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி 'பி'யில் போட்டு, எஞ்சினை அணைக்காமல் ஐட்லிங்கில் விடுங்கள். ஆயில் பம்ப்பை ஓட்டுவது எஞ்சின். அணைத்துவிட்டால் ஆயில் கூலருக்குப் போகாமல் சூட்டோடு அப்படியே நிற்கும். ஊர் திரும்பியதும் ரேடியேட்டரின் முன்பக்க இடுக்குகளில் அடைந்திருக்கும் பூச்சி, தூசியைச் சுத்தம் செய்து, ஃபேன் இரண்டு வேகத்திலும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஆயிலை வழக்கத்தைவிட முன்னதாக மாற்றுங்கள். இந்த நிலையில் ஸ்கேனரில், கியர்பாக்ஸ் அதிகம் சூடானதைக் குறிக்கும் பி0218 இருக்கக்கூடும்.

ஆயில் ரோஸ்மில்க் மாதிரி இருக்கிறது

எஞ்சினைப் போடாதீர்கள். தண்ணீரோ கூலன்ட்டோ கலந்துவிட்டது.

பல வண்டிகளில் ஏடிஎஃப் கூலர் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கும். அதன் சுவர் அரித்து ஓட்டை விழுந்தால் இரண்டும் கலக்கும். ஓடும்போது ஆயில் அழுத்தம் அதிகம் என்றால் அது கூலன்ட்டுக்குள் போகும். அணைத்ததும், ரேடியேட்டரில் மிச்சமிருக்கும் அழுத்தத்தில் கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் வரும். அதனால் கூலன்ட் பாட்டிலிலும் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு வழி வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகளில் கியர்பாக்ஸின் பிரீத்தர் (காற்றுத் துளை) வழியாகவே தண்ணீர் இறங்கக்கூடும். மேலே பார்த்தால் வண்டி சுத்தமாக இருக்கும்.

கிளட்ச் தகட்டில் உராய்வுப் பட்டையை ஒட்டியிருக்கும் பசை தண்ணீரில் கெடும், அதனால் இதில் நேரம் முக்கியம். இழுத்துச் செல்லும்போதும் ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருளக் கூடாது. எஞ்சின் ஓடாதபோது கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் சுற்றாது, ஃப்ளாட்பெட் வண்டிதான் சரி. ரேடியேட்டர் காரணம் என்றால் முதலில் அதை மாற்றிவிட்டு, அப்புறம் பால் நிறம் முழுதும் போகும்வரை பலமுறை வடித்து ஊற்ற வேண்டும். கலந்த நிலையில் நாள்கணக்கில் ஓட்டியிருந்தால் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

சிவப்புச் சொட்டு, ஊளைச் சத்தம்

டொயோட்டா கூலன்ட்டும் சிவப்புதான். சொட்டைத் தொட்டுத் தண்ணீரில் விரலை நனையுங்கள்: கரைந்து போனால் கூலன்ட், வழவழப்பு நின்றால் ஏடிஎஃப். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டினால் முன் சீல், அது கியர்பாக்ஸை இறக்கும் வேலை. கூலர் ஹோஸ் மூட்டு, பான் கேஸ்கெட், ஆக்ஸில் சீல் எல்லாம் சின்ன வேலை. பான் போல்ட்டை ஆத்திரத்தோடு முறுக்காதீர்கள், மரை போய்விடும்.

'பி'யில் நிற்கும்போதே ஆர்பிஎம்மோடு சேர்ந்து ஊளையிட்டால் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது: லெவல் குறைவு அல்லது ஃபில்டர் அடைப்பு. வண்டி நகரும்போது மட்டும் என்றால் பேரிங்.

சரி, மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. எப்படி?

'லைஃப்டைம் ஆயில், மாற்றத் தேவையில்லை' என்று கார் கம்பெனி சொல்லலாம். பிஎம்டபிள்யூவுக்கு கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிமீக்குள், அல்லது 8 ஆண்டில் மாற்றச் சொல்கிறது. நம் சூட்டுக்கும் நெரிசலுக்கும் நான் 60,000-ஐ ஒட்டியே மாற்றச் சொல்வேன்.

வடித்து ஊற்றுவதே என் தேர்வு. டிரெயின் போல்ட்டைத் திறந்தால் முழு ஆயிலும் வராது, கன்வர்ட்டருக்குள் இருப்பது அங்கேயே தங்கும். மொத்தம் 7 லிட்டர் பிடிக்கும் கியர்பாக்ஸில் 3 லிட்டர் வருகிறது என்று வையுங்கள். ஒருமுறை மாற்றினால் பழையது 57 சதவீதம் மிஞ்சும். சில கிமீ ஓட்டி, கலந்த பிறகு இரண்டாம் முறை: 33. மூன்றாம் முறை: 19. இது போதும். பராமரித்து வந்த வண்டிக்கு ஒரு தடவையே போதும்.

மெஷின் என்றால் எது என்று கேளுங்கள். கூலர் ஹோஸில் இணைத்து, கியர்பாக்ஸின் சொந்தப் பம்ப் தள்ளுகிற பழசுக்குச் சமமாகப் புதுசை உள்ளே விடும் மெஷின் பரவாயில்லை, நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்குத் தாராளமாகச் செய்யலாம். தனி அழுத்தம் கொடுத்து, கெமிக்கல் ஊற்றிக் கழுவும் ரகம் வேண்டாம்.

நீங்களே செய்வதென்றால் ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், நான்கு பக்கமும் ஸ்டாண்ட் போடுங்கள். முன்பக்கம் மட்டும் தூக்கினால் லெவல் தப்பாகக் காட்டும். ஊற்றும் பிளக்கை முதலில் திறக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் போல்ட்டைத் தொடுங்கள். கீழே எல்லாம் வடிந்த பிறகு மேல் பிளக் இறுகிப்போய் வரவில்லை என்றால் வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான். வடிந்ததை அளவுக் குவளையில் அளந்து, அதே அளவு புதுசை ஊற்றுங்கள். சில டொயோட்டா முன்சக்கர வண்டிகளில் டிரெயின் பிளக்கும் லெவல் பிளக்கும் ஒன்றே. பிளக்கைக் கழற்றினால் கொஞ்சம் வடிந்து நின்றுவிடும். உள்ளே நிற்கும் சின்னக் குழாயை 6 மிமீ ஆலன் கீ விட்டுக் கழற்றினால்தான் மீதி இறங்கும்.

மாற்றிய பிறகு முன்னைவிட மோசம்

பத்தில் எட்டுக்கு லெவல்தான் காரணம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். 7 லிட்டர் ஆயில் 30 டிகிரியிலிருந்து 90-க்குப் போகும்போது கால் லிட்டருக்கு மேல் உப்பும். அதனால் எந்தச் சூட்டில் பார்க்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. ஹூண்டாயின் 6 கியருக்கு ஆயில் 50 – 60 டிகிரி இருக்கும்போது பார்க்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எத்தனை என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கும், ஸ்கேனரில் ஆயில் டெம்பரேச்சரை ஓடவிட்டுக்கொண்டே பாருங்கள். எஞ்சின் ஓட, லிவரை ஒவ்வொரு நிலையிலும் இரண்டு மூன்று விநாடி நிறுத்தி 'பி'க்குத் திரும்பி, லெவல் பிளக்கைத் திறங்கள். முதலில் தாரையாக வரும், பிறகு மெல்லிய இழையாகும், இழை அறுந்து சொட்டத் தொடங்கும் நேரத்தில் பிளக்கை மூடுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் இன்னும் ஊற்ற வேண்டும். ரொம்பச் சூடேறிய பிறகு பார்த்து மூடினால் ஆயில் குறைந்துவிடும். ஆறின நிலையில் மூடினால் கூடிப்போய், சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும்; நுரைக்கு அழுத்தம் தாங்காது, அதுவும் வழுக்கலாகவே தெரியும்.

லெவல் சரி என்றால் ஆயில் கேனைத் தேடி எடுத்துப் பாருங்கள். ஏடிஎஃப் ரகம் மாறி, எஸ்பி-IV கேட்கும் ஹூண்டாய்க்கு எஸ்பி-III, டபிள்யூஎஸ் கேட்கும் டொயோட்டாவுக்குப் பழைய டி-IV ஊற்றியிருந்தால் மறுபடி வடிப்பதுதான் வழி. அதுவும் சரி, ஆனால் ஊளையும் தாமதமும் புதிதாக வந்திருக்கிறது, ஃபில்டரும் மாற்றினார்கள் என்றால், பழைய ஃபில்டரின் ஓ-ரிங் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்க அதன் மேல் புதியதை ஏற்றியிருப்பார்கள். அந்த இடுக்கில் பம்ப் காற்றை இழுக்கும். 'பான்'-ஐ இறக்கி, டார்ச் அடித்து, துளைக்குள் விரலை விட்டுத் தடவச் சொல்லுங்கள். டிரெயின் போல்ட்டில் கசிந்தால் பழைய வாஷரையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தும் கியர் மட்டும் முரட்டுத்தனமாக விழுகிறது என்றால், ஸ்கேனர் வைத்து அடாப்டேஷனை ரீசெட் செய்யச் சொல்லி, நூறு கிமீயாவது நிதானமாக ஓட்டிவிட்டு அடுத்ததை யோசியுங்கள்.